அப்பாவுக்கும் ஒரு டிக்கெட்

சென்ற மாதம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். காலமானவர் தொண்ணூறை எட்டிப் பிடித்தவர், கல்யாணச் சாவு. வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் தாழ்ந்த குரலில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "பஜாரில் இரண்டு கடை, தோப்பு ஒன்று, பாங்கியில் வேறே இருக்கிறது. மனுஷர் ஒரு நாள் வெளியிலே ஒரு காப்பி குடித்திருப்பாரா? அதனால்தான் இவ்வளவு சேர்ந்தது" என்றார் ஒருவர். மற்றவர்கள் மரியாதையோடு தலையை ஆட்டினார்கள்.

எனக்கு என் தகப்பனார் ஞாபகம் வந்துவிட்டது. அவர் 2012-ல் காலமானபோது எங்கள் வாசலிலும் இப்படித்தான் நாற்காலி போட்டிருந்தோம். அங்கேயும் கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கு ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. "நல்லாச் சாப்பிட்டாரு, நல்லாச் சுத்தினாரு. ஒண்ணும் வச்சிட்டுப் போகல." அவ்வளவுதான். சொன்னவர் எங்களுக்கு மாமா முறை. கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நம் ஊரில் ஒரு தகப்பனை அளக்க இருக்கிற படி அது ஒன்றுதானே!

அந்தப் படியைப் பற்றித்தான் இன்றைக்கு இரண்டு வார்த்தை சொல்லலாம் என்று இருக்கிறேன்.

விருதுநகரில் ஒரு மண்டியில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர் என் அப்பா. வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று ஊரே வியாபாரம் செய்கிற ஊர் அது. ஊருக்கெல்லாம் லாபம் எழுதிய கை. தனக்கு எழுதிக்கொள்ள அதிகம் இருந்ததில்லை. வாடகை வீடு. நாங்கள் மூன்று குழந்தைகள். பாட்டி ஒருத்தி, தீராத இரைப்பு நோயோடு. இந்த நிலையில் உள்ள மனிதர் எப்படி இருக்க வேண்டும்? வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, வீட்டை விட்டு வெளியே அடி வைக்காமல் இருக்க வேண்டும் அல்லவா? அப்பா அப்படி இல்லை.

சம்பளம் வாங்கிய இரவு அவர் வீடு திரும்ப ஒன்பதரை மணி ஆகும். நாங்கள் தூங்கிப்போயிருப்போம். தூக்கத்தில் ஒரு வாசனை வரும். எண்ணெயில் பொரித்த பரோட்டாவும் சால்னாவும் வாழை இலைக்குள் வெந்து, அதற்கு மேல் பேப்பர் சுற்றி வருகிறதே, அந்த வாசனை. விருதுநகர்க்காரர்களுக்கு நான் அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. "எந்திரிங்க, எந்திரிங்க, ஆறிடும்!" என்று ஒவ்வொருவராக உலுக்கி எழுப்புவார். பாதி மூடிய கண்ணோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நாங்கள் தின்பதை அவர் குத்துக்காலிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். "தூங்குற பிள்ளைய எழுப்பித் திங்க வைக்கிற அப்பன உலகத்துல பார்த்ததில்ல" என்பாள் அம்மா. மறுநாள் காலையில் தங்கை, "நேற்று நான் பரோட்டா தின்றேனா இல்லையா?" என்று சந்தேகம் கேட்பாள். தூக்கத்தில் தின்றது அவளுக்கு ஞாபகம் இருக்காது.

சாப்பாட்டுக்கு அடுத்தபடி ரயில். அப்பாவின் புத்தியில் இந்தத் தென்பாண்டிச் சீமை முழுவதும் தீனியால் ஆன ஒரு படம். சாத்தூர் என்றால் வெள்ளரிப்பிஞ்சும் சேவும். கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. திருநெல்வேலி என்றால் சொல்ல வேண்டாம். இந்த ஊர்களுக்கெல்லாம் வெறுமனே தின்பதற்காகப் போகிறோம் என்று சொன்னால் பாட்டி விடமாட்டாள். ஆகையால் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தெய்வத்தைத் துணைக்கு வைத்திருந்தார். ஆண்டாளைச் சேவிக்கப் போவோம். திரும்பும்போது பையில் பால்கோவா இருக்கும். ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போவோம். கோமதியம்மனைத் தரிசித்த கையோடு அப்பா கடைத்தெருப் பக்கம் காணாமல் போவார். பாட்டிக்கு விஷயம் தெரியாதா? தெரியும். "என் மகனுக்குப் பக்தி ஜாஸ்தி. சாமி எங்க நல்லாச் சமைக்கிறாரோ அங்கதான் போவான்" என்று எங்களிடம் கண்ணைச் சிமிட்டுவாள்.

இந்த மாதிரிப் பிரயாணங்களுக்கு அப்பா ஒரு தத்துவம் வைத்திருந்தார். அது தானாக வந்ததல்ல, தனுஷ்கோடி கொடுத்தது.

1964-ஆம் வருஷம் கோடை விடுமுறையில் எங்களை ராமேசுவரம் அழைத்துப்போனார். எனக்கு அப்போது ஆறு வயசு. பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது பாட்டி கண்ணை மூடிக்கொண்டு ராம நாமம் சொன்னதும், தனுஷ்கோடி ஸ்டேஷனில் இறங்கியவுடன் இரண்டு பக்கமும் கடல் தெரிந்ததும், தலைமன்னாருக்குப் போகிற கப்பலைப் பார்த்து நான் "நாமும் ஏறலாம்" என்று அழுததும் எனக்கு மங்கலாக ஞாபகம். வறுத்த மீன் தின்றது மங்கலாக இல்லை, நன்றாகவே ஞாபகம். ஏழெட்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலில் அந்த ஊரே போயிற்று. ஸ்டேஷனை நோக்கி வந்துகொண்டிருந்த ரயிலும் அதில் இருந்த ஜனங்களோடு கடலில் போயிற்று. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு, "அடுத்த வருஷம் போகலாம்" என்று யார் சொன்னாலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஊரு இருக்குமா?"

1967-ல் செங்கோட்டை தாண்டிப் போன பிரயாணத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வருஷம்தான் எங்கள் ஊரில் காமராஜர் தோற்றார். அந்தச் சேதி வந்த அன்று அப்பா ஒரு வேளை சாப்பிடவில்லை. அவர் ஆயுளில் நான் பார்க்க அவர் சாப்பிடாத வேளை அது ஒன்றுதான். மறுநாள் அதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டார். ஜூன் மாதம் வந்தது. குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று மண்டிக்கு வந்த தென்காசிக்காரர் யாரோ சொல்லிவிட்டார். அப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

லீவு லெட்டர் எழுதினார். மற்ற தகப்பனார்கள் என்ன எழுதுவார்கள்? காய்ச்சல் என்று எழுதுவார்கள். இல்லாவிட்டால் உயிரோடு இருக்கிற பாட்டியைக் கொன்றுவிடுவார்கள். அப்பா, "குற்றாலத்தில் சாரல் ஆரம்பமாகிவிட்டபடியால் என் குமாரனுக்கு மூன்று தினங்கள் லீவு கொடுக்க வேண்டியது" என்று எழுதினார். வாத்தியார் அதை இரண்டு தடவை படித்தார். நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். "உங்க அப்பா பொய் சொல்லப் பழகலியாடா?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வந்ததும் வாத்தியாருக்கு என்று கால் கிலோ பால்கோவா தனியாகப் போயிற்று. இதை லஞ்சம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

கட்டுச்சோறு விஷயத்தில் அப்பாவிடம் கண்டிப்பான ஒரு விதி உண்டு. சிவகாசி தாண்டாமல் மூட்டையைப் பிரிக்கக் கூடாது. பிரயாணத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா என்பார். விருதுநகரை அடுத்த ஸ்டேஷன் திருத்தங்கல். அங்கே வண்டி நிற்கும்போது, "உப்புச் சரியா இருக்கான்னு மட்டும் பார்ப்போம்" என்று ஓர் உருண்டை புளியோதரை எடுப்பார். சிவகாசி வருவதற்குள் உப்பு, புளி, காரம் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சோதித்து முடித்திருப்போம். ராஜபாளையத்தில் அம்மா காலிப் பாத்திரத்தைக் கழுவ இடம் தேடுவாள்.

குற்றாலத்தில் இரண்டு நாள். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று குளித்தோம், தின்றோம், மறுபடியும் குளித்தோம். அருவிக் குளியல் பசியைக் கிளப்பும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்பாவோ பசியைக் கிளப்புவதற்காகத்தான் குளித்தார். ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர் அல்லவா அது? 1954-ல் அவர் மறையும்வரை, அவர் வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கம்பனும் கிடைத்தான், நல்ல சாப்பாடும் கிடைத்தது என்று சொல்லுவார்கள். கம்பனைப் பற்றி அப்பாவுக்கு அதிகம் தெரியாது. மற்றதில் அவர் டி.கே.சி. கட்சி.

மூன்றாம் நாள் செங்கோட்டையிலிருந்து கொல்லம் வண்டி ஏறினோம். மலை ஏற வேண்டும் என்பதால் பின்னாலும் ஓர் எஞ்சினை மாட்டினார்கள். பகவதிபுரம் தாண்டியதும் குகை. ஒரே இருட்டு, உள்ளே நிலக்கரிப் புகை. குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். வெளிச்சம் வந்தபோது என் கையிலிருந்த முறுக்கைக் காணவில்லை. அப்பா ஜன்னல் வழியாக மரங்களை வெகு சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடை மட்டும் அசைந்தது. அடுத்த குகையில் தங்கையின் முறுக்குப் போயிற்று. அதற்கடுத்த குகையில் நாங்கள் மூவரும் சேர்ந்து அவர் மடியிலிருந்த பொட்டலத்தைக் கைப்பற்றினோம். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தின் மேல் வண்டி போகும்போது எதிர்ப் பெட்டிக்காரர்களும் இந்த விளையாட்டில் சேர்ந்துவிட்டார்கள். புனலூரில் இறங்கி மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, 1877-ல் கட்டிய தொங்கு பாலத்தில் நடந்து பார்த்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பினோம். திரும்பும்போதும் அதே குகைகள்; அதே திருட்டு.

இதெல்லாம் எனக்கு எப்படி இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். அப்பா எழுதி வைத்திருக்கிறார். கணக்குப்பிள்ளை அல்லவா? அவருக்குப் பிறகு டிரங்குப் பெட்டியில் இருபத்தேழு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. ரயில் சார்ஜு, ஜட்கா வாடகை, காப்பி என்று காசு பிசகாமல் எழுதியிருக்கிறார். ஆனால் எதிரே குறிப்புப் பத்தியில் வேறு சமாசாரம் இருக்கிறது. "சின்னவள் பூரி இரண்டு, கேட்டு வாங்கினாள்." "பெரியவன் தென்மலையில் வாந்தி, பிறகு சரியாகிவிட்டது, வறுவல் தின்றான்." "அம்மா அருவியில் சிரித்தாள்." அம்மா என்றது பாட்டியை. அந்த வருஷம் முழுவதும் இரைப்பில் சிரமப்பட்டவள் அவள்.

சரி, இந்தக் கணக்குக்கு மறு பக்கம் இல்லையா? இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் அது நியாயமாகாது. 1981-ல் தங்கை கல்யாணத்துக்குக் கையில் காசு இல்லை. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. வட்டிக்கும் வாங்கினோம். அப்போது பெரியப்பா ஒருவர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "நீ தின்ன தீனிக்கும் போன ரயிலுக்கும் ரெண்டு வீடு கட்டியிருக்கலாம்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அப்பா பதில் சொல்லவில்லை. நானும் மனசுக்குள் பெரியப்பா சொல்வது சரிதான் என்று நினைத்தேன். பல வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோட்டுகள் கைக்கு வந்த பிறகு ஒரு வாரம் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். எங்கள் ஊர்சுற்றலுக்கெல்லாம் சேர்த்து ஒரு வருஷத்துக்கு ஆன செலவு அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்குச் சற்று மேலே. சில வருஷங்களில் அதுகூட இல்லை. முப்பது வருஷத்துச் செலவையும் ஒன்றாகச் சேர்த்தால் இரண்டு வீடு அல்ல, ஒரு வீட்டுக்குத் திண்ணைகூட எழும்பியிருக்காது. எங்களை ஏழையாக வைத்திருந்தது பால்கோவா அல்ல. சொற்பச் சம்பளமும், மாதா மாதம் போன வாடகையும், பாட்டியின் மருந்தும்தான். ஆனால் ஏழை வீட்டில் பணம் இல்லை என்றால் ஜனங்கள் சம்பளத்தைக் குறை சொல்வதில்லை. தின்ற பரோட்டாவைக் குறை சொல்கிறார்கள். பெரியப்பா காலமாகிவிட்டார். இருந்திருந்தால் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன்.

அம்மாவின் புகார் வேறு. அதில் நியாயம் அதிகம். "உங்கப்பாவுக்கு ஊரு பார்க்கிறது, எனக்கு ஊரு ஊராச் சமைக்கிறது" என்பாள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து ஆறு பேருக்குக் கட்டுச்சோறு கட்டுகிறவளுக்கு உல்லாசப் பிரயாணம் எங்கே இருக்கிறது? அந்தக் காலத்து அப்பாக்களைக் கொண்டாடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். என் அப்பாவும் சில வருஷம் இதைக் கவனிக்கத்தான் இல்லை. 1970-ல் ஒரு தடவை திருச்செந்தூர் புறப்பட இருந்த அன்று அம்மா, "நான் வரல, நீங்க போயிட்டு வாங்க" என்று படுத்துவிட்டாள். அன்று பிரயாணம் நின்றது. அதற்குப் பிறகு புளியோதரைக்கு அப்பாவே புளி கரைக்க ஆரம்பித்தார். நல்லெண்ணெய் விஷயத்தில் மண்டிக்காரரை யார் மிஞ்ச முடியும்? அம்மாவுடையதைவிட நன்றாகவே இருந்தது. அம்மா மட்டும் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இதுவரை சொன்னது இனிப்பு. இனிமேல் சொல்வது என் குற்றம்.

அறுபது வயசில் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. என்னோடு வந்து இருந்தார். நானும் என் மனைவியும் அவரை நன்றாகத்தான் கவனித்துக்கொண்டோம். வேளைக்கு மாத்திரை, கோதுமைக் கஞ்சி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை, தனி அறை, டெலிவிஷன். பலகாரப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டோம். ஒரு நாள் அவர் தலையணை உறைக்குள் கடலை மிட்டாய்ப் பாக்கெட் ஒன்று அகப்பட்டது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. என் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "இந்த வயசிலயும் நாக்க அடக்க முடியாதா?" என்று கத்தினேன். எழுபத்தொன்பது வயசு மனிதர். பரோட்டா தின்னச் சொல்லி என்னைத் தூக்கத்தில் எழுப்பியவர். "சரிய்யா, இனிமே இல்ல" என்றார். அவர் சொன்ன மாதிரி, அப்புறம் இல்லைதான்.

சர்க்கரை வியாதிக்காரருக்கு அல்வா வாங்கிக் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வைத்தியர் வார்த்தை வார்த்தைதான். ஆனால் வைத்தியர் இனிப்பு வேண்டாம் என்றுதானே சொன்னார்? ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லையே!

2010-ல் ஒரு சேதி வந்தது. விருதுநகரிலிருந்து செங்கோட்டை வரைக்கும் 2004-லேயே அகலப்பாதை ஆகிவிட்டது. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே அந்த மலைப்பாதை மட்டும், ஐம்பது கிலோ மீட்டருக்குள், பழைய மீட்டர் கேஜாகவே இருந்தது. அதையும் செப்டம்பரில் நிறுத்தப் போகிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அப்பா அதைக் கத்தரித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருந்தார்.

"ஏய்யா, ஒரு தடவ அந்த வண்டியில போயிட்டு வந்துருவமா? நீ ஜன்னலோரம் இரு. நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்றார். ஆபீசில் ஆடிட் நடக்கிறது என்றேன். அடுத்த மாதம் கேட்டார். சாரலில் சளி பிடிக்கும் என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது, "அகலப்பாதை வரட்டும்ப்பா, சௌகரியமான பெட்டியில் போகலாம்" என்றேன். "எத்தன வருஷம் ஆகும்?" என்று கேட்டார். இரண்டு வருஷத்தில் ஆகிவிடும் என்று சொன்னேன். ரயில்வே இலாகாவே எனக்குச் சொந்தம் போல!

இரண்டு வருஷத்தில் அப்பா போய்விட்டார். அந்தப் பாதை 2018-ல்தான் திறந்தது.

2007-ல் பெற்றோரையும் முதியவர்களையும் பராமரிப்பதற்கு ஒரு சட்டம் செய்தார்கள். நல்ல சட்டம். பராமரிப்பு என்றால் இன்னது என்று அதில் எழுதியிருக்கிறது: உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம். இந்த நாலில் ஒன்றையும் நான் குறைத்ததில்லை. எந்த அதிகாரி முன்னால் நிறுத்தினாலும் நான் நிரபராதி. ஜன்னலோர ஸீட்டு சட்டத்தில் இல்லை.

ரயிலில் முதியவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை, ஆண்களுக்கு 60 வயசில் 40 சதவீதம், பெண்களுக்கு 58 வயசில் 50 சதவீதம் என்று இருந்ததை, 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் சொல்லி நிறுத்தினார்கள். பல பேர் கோபப்பட்டார்கள். நானும் கோபப்பட்டேன். கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தச் சலுகை இருந்த இத்தனை வருஷத்தில், வைத்தியத்துக்கும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தவிர, வெறுமனே ஊர் பார்ப்பதற்காக அப்பாவையோ அம்மாவையோ வண்டி ஏற்றியவர்கள் நம்மில் எத்தனை பேர்? நாம் விடுமுறைக்குப் புறப்படும்போது அவர்களை என்ன செய்கிறோம்? "வீட்டைப் பார்த்துக்கங்க, மாத்திரையை மறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அங்கே போய், அருவிக்கு முன்னால் நின்று படம் எடுத்து, அவர்கள் போனுக்கு அனுப்பி வைக்கிறோம். அருமையான உபகாரம்!

வாசகர்களில் சிலர் கேட்கலாம்: "கூட்டிக்கொண்டு போய் வழியில் ஏதாவது ஆகிவிட்டால்?" நியாயமான பயந்தான். எண்பது வயசுக்காரரை மலை ஏற்ற முடியாது. பாத்ரூம் வசதி பார்க்க வேண்டும். மாத்திரைப் பையைச் சுமக்க வேண்டும். நம் ஸ்டேஷன்களில் ஒரு பிளாட்பாரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் நமக்கே மூச்சு வாங்குகிறது. ஆனால் என் அப்பா, எண்பது வயசில் படுக்கை அறைக்கும் குளியலறைக்கும் நடுவேயுள்ள நாலடித் தூரத்தில்தான் வழுக்கி விழுந்தார். வீடு பத்திரமான இடம் என்று யார் சொன்னது?

எனக்குத் தெரிந்த ஒரு வங்கி அதிகாரி, தம் தகப்பனாரை மாதம் ஒரு முறை பஸ்ஸில் ஏற்றிப் பக்கத்து ஊருக்கு அழைத்துப் போகிறார். அரை மணிப் பிரயாணம். அங்கே ஒரு கடையில் இரண்டு இட்லி, சர்க்கரை இல்லாத காப்பி. திரும்பிவிடுவார்கள். பெரியவர் அதற்காக நாலு நாள் முன்பே வேஷ்டியைச் சலவைக்குப் போடுகிறாராம். இவ்வளவுதான் வேண்டியிருக்கிறது. இதைத்தான் நான் செய்யவில்லை.

பாதை திறந்த வருஷமே அம்மாவை அழைத்துக்கொண்டு செங்கோட்டை போனேன். அவளுக்கு அப்போது எண்பத்திரண்டு. பதிமூன்று கண் பாலம் அப்படியே இருந்தது. குகைகளும் இருந்தன. ஆனால் நாங்கள் ஏறிய பெட்டியில் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். குகைக்குள் நுழைந்ததும் அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"என்னய்யா இது, இருட்டே இல்ல? இதுல எப்படி முறுக்கு திருடுறது?" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. 1967-ல் குகைக்குக் குகை போன முறுக்கில் பாதிதான் அப்பா எடுத்தது. மீதி அம்மா எடுத்தாளாம். பழியை மட்டும் ஐம்பது வருஷம் அவர் சுமந்திருக்கிறார்.

பாம்பனில் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள் அல்லவா? 2025 ஏப்ரலில் புதுப் பாலத்தைத் திறந்தார்கள். டெலிவிஷனில் அதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு அந்த ஞாபகம்தான். கப்பல் வந்தால் பாலத்தின் நடுப்பாகம் அப்படியே மேலே போகிறதாமே, அதைப் பார்க்க வேண்டும் என்கிறாள். "அம்மாவால் இத்தனை நேரம் உட்கார முடியாது, உனக்கென்ன பைத்தியமா?" என்று தங்கை போனில் சண்டை பிடிக்கிறாள். அவள் பேசுவது அன்று நான் பேசிய பேச்சு மாதிரியே இருக்கிறது. ஆகையால் கோபம் வரவில்லை.

மதுரையிலிருந்து ராமேசுவரத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். தங்கைக்கும் சேர்த்துத்தான். புளியோதரைக்கு யார் புளி கரைப்பது என்பதில் மட்டும் இன்னும் தகராறு தீரவில்லை.